தறி நின்றால் விழித்துக்கொள்ளும் வீடு

நான் பிறந்து வளர்ந்தது குமாரபாளையத்தில். காவிரிக்கு அந்தக் கரை பவானி, இந்தக் கரை நாங்கள். எங்கள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்துத் தறிப்பட்டறைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து மட்டும்தான். சின்ன வயதில் ராத்திரி கரண்ட் போனால் வீட்டில் அத்தனை பேரும் விழித்துக்கொள்வோம். ஃபேன் நின்றதால் இல்லை, தறி நின்றதால். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும்தான் எங்களுக்குத் தூக்கம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். தறி ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

அப்பா அந்தப் பட்டறையில் 31 வருடம் தறி ஓட்டினார். ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. இப்போது வேலைக்குப் போவதில்லை. போன வருடம் ஒரு காலையில் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "நம்ம ஊர்ல குருவியே இல்லாமப் போச்சு அம்மிணி" என்றார். எதிர்வீட்டு கேபிள் ஒயரில் அப்போது ஏழெட்டுக் குருவிகள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

வேறோர் ஊரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். டெசிபல் என்றால் என்ன என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். ஆனால் நான் தூங்கி எழுந்த அந்தச் சத்தம் எத்தனை டெசிபல் என்று ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அடுத்த விடுமுறைக்குத் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆய்வகத்திலிருந்த ஒலிமானியையும் அதைச் சரிபார்க்கும் சிறு கருவியையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அந்தப் பத்து நாளில் அளந்ததையும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் செல்போன் செயலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பட்டறைக்குள் என் போன் 86 காட்டியது. ஒலிமானி 98 காட்டியது. போனில் இருக்கிற மைக் நாம் பேசுவதை எடுக்கச் செய்யப்பட்டது. பெரிய சத்தம் வந்தால் அது தானாகவே அடக்கி வாசிக்கும். போனுக்குப் போன் மைக்கும் வேறு. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நயோஷ் என்ற அரசு நிறுவனம் 2017இல் ஒரு செயலி வெளியிட்டபோது ஐபோனுக்கு மட்டும்தான் வெளியிட்டது. ஆண்ட்ராய்டில் கருவிகளின் வகை எண்ணிலடங்காது, ஒவ்வொன்றையும் சோதித்து உறுதி சொல்ல முடியாது என்பது காரணம். உங்கள் போன் 70 என்று காட்டினால் 'சத்தம் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மனுவில் எழுதாதீர்கள்.

நல்ல ஒலிமானியையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. மைக்கின் மேல் தொப்பி மாதிரிப் பொருந்துகிற சரிபார்ப்புக் கருவி ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் 1000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல் ஒலி எழுப்பும். அளக்கும் முன்னால் ஒருமுறை, அளந்து முடித்த பின்னால் ஒருமுறை அதை மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் மானி 94 காட்டினால்தான் நடுவில் எடுத்த எண்களுக்கு மரியாதை. மளிகைக்கடைத் தராசில் முத்திரை பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

அது ஏன் 94? அங்கேதான் டெசிபலின் கதை இருக்கிறது. ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படுகிற மெல்லிய ஏற்ற இறக்கம். நல்ல காது உணரக்கூடிய மிகச் சிறிய ஏற்ற இறக்கம் சுமார் 20 மைக்ரோ பாஸ்கல். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தில் 500 கோடியில் ஒரு பங்கு. காது வலிக்கத் தொடங்குகிற சத்தம் அதைப் போலப் பத்து லட்சம் மடங்கு. ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரை கோடு போட்டு எண்ணுவது யாருக்கும் வசதியில்லை. அதனால் மடக்கை போட்டு 0 முதல் 120 வரை சுருக்கி வைத்தார்கள். தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு ஒலி வழியிலேயே வீணாகிறது என்று கணக்குப் பார்த்த பெல் நிறுவனத்துப் பொறியாளர்கள் 1920களில் உண்டாக்கிய அலகு இது, கிரகாம் பெல் பேரால். ஒரு பாஸ்கல் அழுத்தம் இந்தக் கணக்கில் 94 டெசிபல். 94க்கு அதைத் தவிர வேறு மர்மம் இல்லை.

மடக்கைக் கணக்கு என்பதால் டெசிபலைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள், புரிந்த மாதிரி முகத்தில் தெரியாது. பட்டறையில் என் கண்முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரம், பன்னிரண்டு தறியும் நின்றிருந்தன. பட்டறைக்கார மாமாவிடம், "ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்டுங்க மாமா" என்று கேட்டேன். "எதுக்கு கண்ணு இதெல்லாம்?" என்றாலும் ஓட்டினார். ஒரு தறி ஓடியபோது 89. அதே தூரத்தில் எதிரில் இருந்த தறியையும் போட்டபோது 92. நாலு தறி ஓடியபோது 95க்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டும் ஓடியபோது 98.

89உம் 89உம் சேர்ந்தால் 178 ஆகாது, 92தான் ஆகும். ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் ஏறும், அவ்வளவுதான். இதையே திருப்பிப் பாருங்கள். பன்னிரண்டு தறியில் ஆறை நிறுத்திவிட்டாலும் மானி 3 டெசிபல் அளவுக்குத்தான் இறங்கும். நமக்கோ பெரிய வித்தியாசம் தெரியாது. சத்தம் பாதியாகக் குறைந்தது என்று மனிதக் காது ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். ஆனால் காதுக்குள் இறங்குகிற ஆற்றல் அந்த 3 டெசிபலிலேயே பாதியாகிவிடுகிறது. இரண்டு டெசிபல், மூன்று டெசிபல் என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்கு இப்போது பொறுக்கவில்லை. உணர்வது வேறு, உள்ளே சேதமாவது வேறு.

நயோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி. 98 என்றால் ஏறத்தாழ 24 நிமிடம். அப்பா நின்றது பன்னிரண்டு மணி நேரம். அந்தக் கணக்கைப் பட்டறை வாசலில் உட்கார்ந்து ஒரு பில் தாளின் பின்பக்கம் போட்டேன். போட்டு முடித்த பின்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் வழக்கமான அளவு 8 மணி நேரத்துக்கு 90. அதுவே தாராளம் என்பது என் கருத்து. ஆனால் அந்த 90கூட அப்பாவின் பட்டறைக்குள் வரவில்லை. மின்சாரத்தில் இயங்குகிற இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்றது. பன்னிரண்டு தறிக்கு எங்கள் ஊரில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அந்த இரண்டு பேர் காதுக்கும் சட்டத்துக்கும் அறிமுகமே இல்லாமல் போயிற்று.

தறிச்சத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஒரே சீராக ஓடுகிற இரைச்சல் இல்லை. ஊடை நூலைச் சுமக்கிற நாடாவை ஒரு கட்டை இந்தப் பக்கமிருந்து அடித்துத் தள்ளும், அந்தப் பக்கம் இன்னொரு கட்டை திருப்பி அடிக்கும். நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல். ஒலிமானியில் 'ஸ்லோ' என்று வைத்தால் ஒரு வினாடிக்குச் சராசரி பார்த்து எண் அசையாமல் நிற்கும். 'ஃபாஸ்ட்' என்று வைத்தால் 125 மில்லி வினாடிக்கு ஒருமுறை பார்த்து எண் குதிக்கும். அதைவிட நொடிப்பொழுதில் வந்து போகிற உச்சம் தனி. அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. பட்டாசுக்கு நம் விதி அந்த உச்சத்தைத்தான் கேட்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் சி வகை அளவில் 145 டெசிபல் உச்சத்தைத் தாண்டக்கூடாது. ஒரே சத்தத்துக்கு மானி மூன்று எண் காட்டும், மூன்றும் உண்மை. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று தெரியாமல் அளந்தால் அளந்ததும் அளக்காததும் ஒன்று.

'சி வகை' என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்தப் பத்து நாளில் என்னை மிகவும் பாதித்த அளவு பட்டறையில் எடுத்ததில்லை, எங்கள் மொட்டைமாடியில் எடுத்தது.

தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாளில் ராத்திரி ஜெனரேட்டர் ஓடும். அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், "நெஞ்சுக்குள்ள உறுமற மாதிரி இருக்குது, தூக்கமே வர்றதில்ல." வீட்டில் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டுக் கச்சேரி பத்து மணிக்கே முடிந்துவிடுகிறதே, அப்புறம் என்ன சத்தம் என்றோம். தறி ஓடாத ஒரு முகூர்த்த நாளில், ராத்திரி பதினொன்றரைக்கு மாடியில் முக்காலி வைத்து மானியை மாட்டினேன். 44 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் சட்டம் அனுமதிப்பது 45. எண்ணைப் பார்த்தால் அம்மா இல்லாத சத்தத்தைச் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

பிறகு ஏ வகையில் இருந்த பொத்தானைச் சி வகைக்கு மாற்றினேன். 67.

அமெரிக்காவில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் மனிதக் காது எந்தச் சுருதியை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று வரைபடங்கள் வெளியிட்டார்கள். ஒலி மெல்லியதாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகள் நம் காதுக்கு எடுபடாது. அதற்கேற்பத் தாழ்ந்த சுருதிகளை வெட்டிக் கழித்துவிட்டு எண் சொல்வதுதான் ஏ வகை. சி வகை கிட்டத்தட்ட எதையும் கழிக்காது. 50 ஹெர்ட்ஸில் ஏ வகை கழிப்பது 30 டெசிபல். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிற நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் வினாடிக்குச் சரியாக 50 முறை வெடிக்கிறது. மண்டபத்து ஜெனரேட்டரின் உறுமல் முழுவதும் ஏ வகை கண்ணை மூடிக்கொள்கிற இடத்தில் விழுகிறது. அதே தாழ்ந்த ஒலிதான் சுவரையும் ஜன்னலையும் எளிதாகத் தாண்டி உள்ளே வருவதும். ஏ, சி இரண்டுக்கும் நடுவே 20க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கே அடித்தொனி இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நம் சட்டம் ஏ வகையை மட்டும்தான் கேட்கிறது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. போக்குவரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரு வயதான பெண்மணி தூக்கமில்லை என்று சொல்லும்போது 44 என்ற எண்ணைக் காட்டி அவர் வாயை அடைக்கிறவருக்கு அளக்கத் தெரியாது என்றுதான் சொல்வேன். இரண்டு வருடம் நானும் அதைத்தானே செய்தேன், மானிகூட இல்லாமல். மறுநாள் அம்மாவின் கட்டிலைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றினோம். மண்டபத்துக்காரரிடம் பேசியிருக்கிறோம். ஜெனரேட்டருக்கு அடியில் ரப்பர் தாங்கி போட்டு, புகைக்குழாய்க்கு நல்ல சைலன்சர் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி காலை 6 முதல் இரவு 10 வரை பகல். குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45. கடைத்தெருவுக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50, 40. எது எந்தப் பகுதி என்று பிரித்துச் சொல்ல வேண்டியது மாநில அரசு. எங்கள் தெருவை எதில் சேர்ப்பது? ஒரு சுவர் தறி, ஒரு சுவர் வீடு. இந்தத் தெருவில் 55க்கும் 75க்கும் நடுவே இருப்பது ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து.

விதிகள் வந்த அதே வருடம் ஆகஸ்டில், சென்னையில் ஒரு குடியிருப்புச் சங்கத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கி வைத்து அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அந்த வழக்கில் சாலை வாகனங்களின் இரைச்சலும் விவாதத்துக்கு வந்தது. அளக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். நீங்கள் புகார் சொல்கிற சத்தம் நின்றபின் சுற்றுப்புறம் எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்தாக வேண்டும். இரண்டுக்கும் 10 டெசிபல் வித்தியாசம் இருந்தால் பேச்சே இல்லை, சத்தம் அந்த இடத்திலிருந்துதான். 3க்கும் குறைவாக இருந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சுவருக்கு ஒட்டி நின்றும் அளக்காதீர்கள், சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியே 3 டெசிபல் சேர்த்துவிடும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், மைக்கின் மேல் ஸ்பாஞ்சு உறை, காற்று அதிகமடித்தால் அன்றைக்கு அளவு வேண்டாம்.

விதியில் இருக்கிற எண் ஒரு நொடியில் மானி காட்டிய எண்ணும் இல்லை, குறிப்பிட்ட நேரத்துக்கான ஆற்றல் சராசரி. இதில் பலரும் ஏமாந்துபோவார்கள். ஒரு மணி நேரத்தில் கால் மணி மட்டும் 80 டெசிபலில் பாட்டு ஓடி, மீதி முக்கால் மணி அமைதியாக 45 இருந்தால் சராசரி என்ன வரும்? ஐம்பத்து சொச்சம் என்றுதான் தோன்றும். 74 வரும். அந்த முக்கால் மணி அமைதி கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சத்தம்தான் சராசரியை ஆள்கிறது. 'கொஞ்ச நேரம்தானே போட்டோம்' என்கிற பதில் இந்தக் கணக்கில் நிற்காது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பில் சென்னை உட்பட 7 பெருநகரங்களில் 70 நிலையங்கள் இரவும் பகலும் அளக்கின்றன. நல்ல காரியம். ஆனால் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சோமனூரிலும் சத்தத்துக்கு நடுவிலேயே பிறந்து அதிலேயே காதைத் தொலைக்கிறார்கள். தறி ஊர்களில் நாலு நிலையம் வைத்தால் நாட்டில் எங்கும் வராத எண்கள் வரும். வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவை ஈரோட்டுக்கு அழைத்துப்போய்க் காது பரிசோதனை செய்தோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியாக மெல்லிய ஒலி அனுப்புவார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தாளில் வருகிற கோடும் டெசிபல்தான், ஆனால் வேறு பூஜ்யம். அந்தந்தச் சுருதியில் நல்ல இளம் காதுக்குக் கேட்கத் தொடங்குகிற அளவு அங்கே பூஜ்யம். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இழப்பு. அப்பாவின் கோடு தாழ்ந்த சுருதிகளில் 20 பக்கம் ஒழுங்காக வந்தது. 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிந்து, 4000இல் 65க்கு விழுந்து, 8000இல் கொஞ்சம் மேலேறியது. இரண்டு காதிலும் அப்படியே. பாடப்புத்தகத்தில் இரைச்சலால் கெட்ட காதுக்குப் போட்டிருக்கும் படம் அதுதான். உள்காதில் அந்தச் சுருதிக்கான நுண்முடிச் செல்கள் போய்விட்டன. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ச, த, க எல்லாம் அவருக்கு ஒன்றாகக் கேட்பதற்கும், "சத்தமாப் பேசாத, தெளிவாப் பேசு" என்று அவர் கோபப்படுவதற்கும் அந்தப் பள்ளம்தான் காரணம்.

அப்பா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பள்ளத்தின் மேல் விரலை வைத்து, "இங்க இழை அறுந்திருக்குது" என்றார். பாவில் அறுந்த இழையைக் காட்டுகிற அதே விரல், அதே குரல்.

இப்போது அந்தத் தறிகளை ஓட்டுகிற பையனுக்கு 24 வயது. காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். ஸ்பாஞ்சில் வருவது, ஜோடி இருபது ரூபாய்க்குள். "இழை அறுந்தா சத்தத்துலதான்க்கா கண்டுபிடிப்போம், இதப் போட்டா ஒண்ணும் தெரியாது" என்றான். நியாயமான பயம்தான். விரலில் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதை மேலே இழுத்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்கக் காட்டினேன். ஏனோதானோவென்று செருகினால் பாதிப் பயன்கூட இல்லை. ஒரு ஷிப்ட் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "தறி மாறுறது தெரியுதுக்கா, அடிதான் தெரியல" என்றான். நாலாவது நாளும் போட்டிருந்தான்.

கிளம்புகிற அன்று காலையில் மானியை ஃபாஸ்டில் வைத்து அப்பாவை மாடிக்கு அழைத்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவில்லை. ஒயரில் குருவிகள் இருந்தன. அப்பா ஒயருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மானியை அவர் கையில் கொடுத்தேன்.

"நம்பரை மட்டும் பாருங்கப்பா."

44. 45. 44. திடீரென்று 57. மறுபடி 45. மறுபடி 58.

"என்ன அம்மிணி இது, குதிக்குது?"

நான் பதில் சொல்லவில்லை. எண் மறுபடி குதித்தது. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ஒயரைப் பார்த்தார்.